கதவு சாத்தாத ஆபீஸ்

புனே வாகடில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்குக் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் குடிவந்திருக்கிறான். ஐ.டி. கம்பெனி வேலை. பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து, உள்ளே மேஜை, சுழல் நாற்காலி எல்லாம் வைத்து அதை ஆபீஸாகவே ஆக்கிவிட்டான். வந்த மறுநாள் எங்கள் வீட்டு பெல்லை அடித்து, "ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமை பத்து மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் நான் உள்ள உக்காந்து வேலை பார்ப்பனுங்க. அந்த நேரத்துல மட்டும் பெல் அடிக்காம இருந்தா நல்லாருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். சிரித்த முகத்தோடுதான் சொன்னான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த ஒரு விஷயத்தை வாய் திறந்து சொல்ல முடியாமல் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி கையில் வந்ததைக் கோட்டை விட்டாள். பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்தவள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

போபோடியில் ரயில் லைனை ஒட்டி எங்கள் சால் இருந்தது. வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நடை, இரண்டு மாடி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அங்கே வந்து இறங்கியபோது எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னாடி, தமிழா? வா வா, டீ குடிச்சியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா. சாலில் மற்றவர்களுக்கு ஜெர்மன்காரி. அரக்கோணத்திலிருந்து அவள் தாத்தா காலத்திலேயே கட்கிக்கு வந்து சேர்ந்த குடும்பம். அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழில் ஆரம்பித்து, இந்தியில் திரும்பி, மராத்தியில் முடிப்பாள். அந்த மூன்றோடு ஜெர்மனும் தெரியும் என்றபோது நான் முதலில் நம்பவில்லை.

அந்த ஜெர்மன் வந்த கதையைக் கேட்டாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். மாடியில் ஜெர்மன் வகுப்பு என்று போர்டு மாட்டியிருந்ததைச் சும்மா நின்று பார்த்திருக்கிறாள். அந்த டீச்சர் இறங்கி வந்து, இன்னும் ஒரு ஆள் சேர்ந்தால்தான் வகுப்பு ஆரம்பிக்க முடியும், நீ சேர்ந்துகொள்ளேன் என்றாளாம். இவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சேர்ந்துவிட்டாள். சேர்ந்த பன்னிரண்டு பேரில் கடைசிப் பரீட்சை வரை போய்த் தேறியவள் இவள் ஒருத்திதான்.

"அதுக்கின்னா" என்பாள். இதுதான் அவள் வாயில் எப்போதும். கொஞ்சம் சர்க்கரை கொடேன் என்றால், அதுக்கின்னா. பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள் என்றால், அதுக்கின்னா. ஒரு வைகாசியில் ஒரே நாளில் மூன்று கல்யாணம், மூன்றும் தமிழ்க் குடும்பங்கள். மூன்று இடத்திலும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் வாந்தியெடுத்துப் படுத்துக் கிடந்தாள். "ஒரு எடத்துல சாப்ட்டேன்னு சொல்லியிருக்கலாமில்லக்கா?" என்று கேட்டேன். "பாவம்டி, எவ்ளோ ஆசையா கூப்ட்டாங்க" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தலையில் அடித்துக்கொண்டேன்.

இதை நல்ல குணம் என்பதா, குணக்கேடு என்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது நல்ல குணம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

புனே கம்பெனிகளுக்கு ஜெர்மனியிலிருந்து மெஷின்கள் வரும். கூடவே தடித்தடியாகப் புத்தகம் வரும், எந்தத் திருகை எப்படித் திருகுவது, எங்கே எண்ணெய் விடுவது என்று. அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். கேம்ப் பக்கம் ஒரு ஏஜென்ட் இருந்தான். அவன் இவளுக்குப் பத்துப் பக்கம், இருபது பக்கம் என்று பிய்த்துக் கொடுப்பான். அவள் அடுப்பு மேடையில் ஒரு பக்கம் பருப்பு வேக, மறு பக்கம் டிக்‌ஷனரியை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து எழுதுவாள். ஏதாவது ஒரு சாமானின் பெயர் விளங்கவில்லையென்றால் புருஷனைக் கேட்பாள். அந்த அண்ணன் கட்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். நியூஸ்பேப்பர் ஓரத்தில் அந்தச் சாமானை வரைந்து காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு, சரியான வார்த்தையைப் போடுவாள். எழுதிக் கொடுத்த பக்கம் எதிலும் அவள் பெயர் இருக்காது. எல்லாம் ஏஜென்ட் பெயரில் போகும்.

தொண்ணூற்று ஐந்தோ ஆறோ, சரியாக ஞாபகமில்லை, சின்ச்வட் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து நேராக அவளுக்கே ஒரு கடிதம் வந்தது. பெரிய பிரஸ் மெஷின் கப்பலில் வருகிறது, அதற்கு முந்நூறு பக்கப் புத்தகம், கணபதி விழாவுக்கு முன்னால் டைப் அடித்துக் கொடுத்தால் இனிமேல் தங்களுக்கு வரும் எல்லா மெஷினுக்கும் அவளையே வைத்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். அக்கா அந்தக் கவரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். கடிதத்தைப் பிரித்துக் காட்டவில்லை. கவரின் முன்பக்கத்தைத்தான் காட்டினாள்.

"பாருடி, என் பேருக்கே வந்துகீது. ஏஜென்ட் பேரு இல்ல, அவர் பேரு இல்ல. என் பேரு."

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டில் இருந்து இந்த வேலை நடக்காது என்று அண்ணன்தான் சொன்னார். இரண்டு பெண் குழந்தைகள், டி.வி., போதாக்குறைக்கு அந்தப் பழைய டைப்ரைட்டர். அதைத் தட்ட ஆரம்பித்தால் கீழ் வீட்டுக்காரர்கள் கழியால் கூரையை இடிப்பார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை இருந்தது. தெருவில் கணபதி விழா நடத்துகிற மண்டல்காரர்கள் பந்தல் சாமான் போட்டு வைக்கிற அறை. விழா முடிந்தால் வருஷம் பூராவும் சும்மா கிடக்கும். அண்ணன் அவர்களிடம் பேசி, விழாவுக்கு நாலு நாள் முன்னால் காலி செய்து கொடுப்பதாக ஒத்துக்கொண்டு வாங்கினார். வார லீவு அன்று தானே நின்று சுண்ணாம்பு அடித்தார். மூங்கில்களை ஒரு ஓரமாக அடுக்கினார். ஒற்றைக் காதுள்ள பிளாஸ்டர் சிங்கம் ஒன்று மட்டும் நகர்த்த முடியாமல் மூலையிலேயே நின்றது. மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர், ஒரு டேபிள் ஃபேன், தரையில் ஒரு பாய். ஜன்னல் கிடையாது. நல்ல குளிர்ச்சி.

"காலைல பென்சில்ல எழுதிக்கினு வந்துடுவேன். இங்க உக்காந்து டைப் மட்டும் அடிச்சா போதும். ஒருத்தர் தொல்லை இல்ல" என்றாள் அக்கா. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

முதல் நாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

சாலில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஒரு திரை தொங்கும், அவ்வளவுதான். பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஒன்று சண்டை, இல்லாவிட்டால் சாவு. அதற்கு முந்தின வருஷம்தான் மேல் மாடியில் ஒரு மருமகள் சாத்திய கதவுக்குள் மருந்தைக் குடித்துக் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்தப் பயம் யாருக்கும் போகவில்லை. படிக்கட்டு அறை உள்ளே தாழிட்டிருப்பதை முதலில் பார்த்தவள் கீழ் வீட்டு மவுஷி, அதாவது சித்தி. மராத்திக்காரி, நல்லவள், வாய் பெரிசு. "காய் ஜாலா? காய் ஜாலா?" என்று என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று அவள் கத்திய கத்தலில் இரண்டு மாடியும் இறங்கி வந்துவிட்டது. உள்ளே டைப்ரைட்டர் சத்தத்தில் அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. வெளியே இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பலகையைக் காலால் உதைக்கிற சத்தமாகப் பட்டது.

எனக்குத் தெரியாதா, அது டைப்ரைட்டர் என்று? தெரியும். ஆனால் கூட்டத்தோடு நிற்கும்போது எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது. நானும்தான் கத்தினேன். இரண்டு ஆண்பிள்ளைகள் தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. உள்ளே அக்கா மூக்குக் கண்ணாடியோடு திரும்பிப் பார்த்தாள்.

நானாக இருந்திருந்தால் ஒவ்வொருத்தரையும் கிழித்திருப்பேன். அவள் எழுந்து, "பயந்துட்டீங்களா? அதுக்கின்னா, உள்ள வாங்க" என்றாள். எல்லோருக்கும் டீ வந்தது. மொத்த சாலும் அந்தப் புது ஆபீஸைச் சுற்றிப் பார்த்து, சிங்கத்தைத் தடவி, ஃபேன் காற்றில் நின்று, நல்ல குளிர்ச்சியான இடம் என்று ஒருமித்துச் சொல்லிவிட்டுப் போனது. தாழ்ப்பாளைப் பிறகு யாரும் மாட்டவில்லை. "மாட்டினா மறுபடி பயப்படுவாங்கடி" என்றாள்.

அதோடு அது ஆபீஸாக இருந்தது முடிந்தது.

இரண்டாவது மாடியில் ரிட்டையரான மாமா ஒருவர் இருந்தார். மிலிட்டரி அக்கவுண்ட்ஸில் இருந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். பென்ஷனில் ஏதோ தகராறு. தினம் பத்து மணிக்கு வந்துவிடுவார். "ரெண்டு வரிதாம்மா, ஒரு லெட்டர்" என்பார். அந்த இரண்டு வரியை அவர் நின்றுகொண்டே சொல்லி, திருத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லி, பதினொன்றரை ஆகும். மூன்று காப்பி வேண்டும், கார்பன் வைத்து. சாயங்காலம் நாலு மணிக்கு மவுஷி வெந்தயக் கீரைக்கட்டோடு வருவாள். பாயில் உட்கார்ந்து இலை இலையாக ஆய்ந்துகொண்டே மருமகளைப் பற்றிப் பேசுவாள். அக்கா டைப் அடித்தால், "அந்த மெஷினை நிறுத்து, நான் சொல்வது உனக்குக் காதில் விழ வேண்டாமா?" என்பாள் இந்தியில். இவளும் நிறுத்திவிடுவாள்.

நான் பார்த்துப் பார்த்துக் கொதிப்பேன். "அறிவில்லையா இவகளுக்கு? ஏங்க்கா, வேலை இருக்கு, அப்புறம் வாங்கன்னு சொன்னா என்ன?"

"சொல்லலாம்தான். மூஞ்சி சுருங்கிப் போகும்டி."

"சுருங்கட்டுமே."

"அத என்னால பாக்க முடியாது." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. தன் உடம்பில் இருக்கும் வியாதி ஒன்றைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

இப்போது என் கதை. என் வீட்டுக்காரருக்கு எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். ஒரே அறை. நான் எட்டுப் பேருக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் தமிழ்ப் பையன்கள், ஃபேக்டரிகளில் வேலை, தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர்கள். மூன்றரைக்கு எழுந்தால்தான் நாலு மணிக்கு வரும் குழாய்த் தண்ணீரைப் பிடிக்க முடியும். காலை டப்பா, மத்தியான டப்பா, பாத்திரம், மறுநாளைக்கு மாவாட்டல். ஒன்றரை மணிக்கு எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். படுக்க இடம் இருக்காது. கட்டிலில் அவர் குறட்டை, அடுப்படியில் ஈரம், நடையில் ஆள் நடமாட்டம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கி, கழுத்து பிடித்துக்கொண்டு கிடந்த நாள்கள் எத்தனையோ. அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முகங்களோ பேச்சோ ஞாபகம் வருவதில்லை. தூக்கம் வந்துகொண்டே இருந்ததுதான் ஞாபகம் வருகிறது.

ஒரு நாள் அக்காவுக்கு ரசம் கொண்டுபோய்க் கீழே கொடுத்தேன். அந்தப் பாயையும் ஃபேனையும் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு அஞ்சு நிமிசம் சாஞ்சுக்கிடட்டா?" என்றேன். வேறென்ன சொல்வாள்? அதுக்கின்னா என்றாள். எழுந்தபோது மணி நாலு.

மறுநாளும் போனேன். அதற்குப் பிறகு கேட்பதில்லை. இரண்டு மணி ஆனால் என் கால் தானாகப் படியிறங்கும். சிங்கத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துப் படுப்பேன். நான் படுக்கும்போது டைப்ரைட்டர் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். நான் எழும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மாமா மாதிரி நான் வேலை வாங்கவில்லை, மவுஷி மாதிரி வாயடிக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட வராது. அவளைத் தொல்லை செய்யாத ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு பெருமை. அதை அவளிடமே ஒரு தடவை சொல்லியும் இருக்கிறேன். ஆமான்டி என்றாள்.

ஆவணி நெருங்கியது. கணபதிக்குப் பத்து நாள் இருக்கும்போது புத்தகம் முழுக்கப் பென்சிலில் எழுதி முடித்துவிட்டாள். டைப் அடிக்கத்தான் அறுபது பக்கம் போல பாக்கி. மணிக்கு மூன்று பக்கம் அடிப்பாள், படம் போட்ட பக்கமானால் இன்னும் மெதுவாக. எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. படிக்கட்டில் உட்கார்ந்து காவல் காத்தேன். மாமாவை இரண்டு நாள் திருப்பி அனுப்பினேன். "ரெண்டு வரிதானேம்மா" என்றார். "அந்த ரெண்டு வரிய உங்க கையாலயே எழுதுங்க மாமா, கை நல்லாத்தான இருக்கு?" என்றேன். முகம் சுருங்கித்தான் போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மவுஷியோடு பெரிய சண்டையே போட்டேன். டப்பாவுக்குக் காய் நறுக்குவதைப் படிக்கட்டுக்கே கொண்டுவந்து, நடு நடுவே ஓடிப்போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, பத்து மணியிலிருந்து காவல். இரண்டு மணிக்கு அண்ணன் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்புவார். எனக்கும் கண் சொருகிக்கொண்டு வரும். காவலை விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவேன்.

கெடு சனிக்கிழமை. மெஷின் முந்தியே வந்து இறங்கிவிட்டது என்று கம்பெனிக்காரர் வியாழக்கிழமையே நேரில் வந்துவிட்டார். அப்போது மணி மூன்று இருக்கும். காவல் இல்லாத நேரம் பார்த்து மாமா கையில் காகிதத்தோடு உள்ளே வந்திருக்கிறார். மவுஷியும் சண்டையை மறந்து கீரையோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் குறட்டை விட்டேனா என்று தெரியவில்லை. கண் விழித்தபோது என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி பளபளவென்று இரண்டு பூட்ஸ் தெரிந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

"யஹி ஆப்கா ஆபீஸ் ஹை, மேடம்?" இதுதான் உங்கள் ஆபீஸா என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா நாற்காலியை அவர் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. அடித்து முடித்த பக்கங்களை நின்றபடியே புரட்டிப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது, இவ்வளவு சுத்தமான வேலையைத் தான் பார்த்ததில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். மீதியைக் கேட்டார். பென்சில் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் பிரதி தங்களுக்கு ஆகாது என்றார். நாளை மறுநாளுக்குள் அடித்துவிடுகிறேன் என்றாள். அவர் மாமாவைப் பார்த்தார், மவுஷியைப் பார்த்தார், தலை கலைந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். மீதியை ஆபீஸிலேயே யாரையாவது வைத்து முடித்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லி, ஜெர்மன் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். செய்த வேலைக்கு உரியது தபாலில் வந்தது. அவள் பெயருக்கு வேறு கடிதம் அங்கிருந்து வரவே இல்லை.

பிறகு பல வருஷம் அதே கேம்ப் ஏஜென்டுக்குத்தான் எழுதினாள். இரண்டாயிரத்துக்கு மேல் விமான் நகரில் ஒரு கம்பெனியில், நூறு பேர் உட்காரும் ஹாலில், தடுப்புப் பலகைக்குள் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். நாங்கள் அதற்குள் வீடு மாறிவிட்டோம்.

கம்பெனிக்காரர் வந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் நான் ஆடிய ஆட்டத்தை எங்கள் சால் மறந்திருக்காது. பூட்ஸ்காரர் முன்னால் தலையவிழ்ந்து கிடந்த வெட்கம் வேறு என்னைப் பிடுங்கித் தின்றது. நடு நடையில் நின்று மாமாவைக் கேட்டேன், மவுஷியைக் கேட்டேன், ஒரு வீடு பாக்கி இல்லை. "ஒரு பொம்பளை பிழைக்கிறது உங்களுக்கெல்லாம் பொறுக்கலையா? தின்னு தீத்துட்டீகளே அவளை!" தமிழ் தெரியாதவர்களுக்கும் நன்றாக விளங்கியிருக்கும். மாமா கதவை, பகலில், சாத்திக்கொண்டார்.

அண்ணன் அன்று ஷிப்டை முடிக்கவில்லை. யாரோ ஆள் அனுப்பிச் சொன்னதில், பாதியில் திரும்பி வந்திருந்தார். அதிகம் பேசாத மனுஷர். படியேறி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"போதும்மா. அவங்கள போய் இன்னாத்துக்குக் கத்தற?"

"கத்தாம என்னண்ணே செய்யச் சொல்றீக? நாப்பது பக்கம். நாப்பதே பக்கம்."

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "நீ தூங்கறப்போ அவ மெஷின தொட மாட்டாம்மா. உனக்குத் தெரியாதா?"

எனக்குப் புரியவில்லை.

"தெனம் நான் ஷிப்டுக்குப் போறப்போ எட்டிப் பாத்து சொல்லிக்கினு போவேன். நீ படுத்து ரெண்டு நிமிசத்துல கைய மடியில வெச்சிக்குவா. முழிச்சுக்குவன்னு. நீ பொரண்டு படுத்தா, உனக்குத் தெரியக்கூடாதுன்னு மறுபடி தட்ட ஆரம்பிப்பா. நானும் சொல்லிப் பாத்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தார்.

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கணக்கு தானாக மனசில் ஓடியது. மாமாவுக்குக் காலை போனது, சமையலுக்கும் அண்ணன் சாப்பாட்டுக்கும் உச்சிப்பொழுது போனது, மவுஷிக்குச் சாயங்காலம் போனது. அவளுக்கென்று மிஞ்சியது இரண்டிலிருந்து நாலு வரைதான். அதில் நான் படுத்திருந்தேன். மணிக்கு மூன்று பக்கம், இரண்டு மணி நேரம். நாற்பது பக்கம் என்பது என்னுடைய ஏழு நாள் தூக்கம். நான் இரண்டு மாதம் தூங்கியிருக்கிறேன்.

மறுநாள் நான் கீழே போகவில்லை. டப்பா வேலை முடிந்து, அடுப்படி ஈரத்திலேயே கோணியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டேகாலுக்கு வாசல் திரையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள்.

"இன்னாடி, வரல?"

அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ஏங்க்கா என்னை எழுப்பல?" என்றேன். அழக்கூடாது என்று இருந்தேன், அழுகை வந்துவிட்டது. கட்டிலில் அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் வராமல் அழ வேண்டியிருந்தது.

"எழுப்பி? நீ எங்க போய் படுப்ப?"

"எங்கயோ போறேன். அதுக்காக?"

அவளும் குந்தி உட்கார்ந்தாள். "ஒரு நாளு எழுப்பினேன்டி. நெஜமாதான். கடைசி வாரம், ஆத்திரமா வந்துச்சு. இன்னைக்கு சொல்லிடணும்னு தோளத் தொட்டு உலுக்கினேன். 'இன்னும் கொஞ்ச நேரம்மா'ன்ன. என்னை உங்கம்மான்னு நெனச்சிக்கின. அப்புறம் எங்கேர்ந்து எழுப்பறது?" என் கோணியின் ஓரத்தை இழுத்துவிட்டாள். பிறகு, "ஆத்திரம்தான் வந்துச்சு உம்மேல. இப்பவும் கீது" என்றாள்.

அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது வேண்டியிருந்தது. இன்னும் நாலு வார்த்தை திட்டமாட்டாளா என்று பார்த்தேன். திட்டவில்லை.

"வா" என்றாள், என் கையைப் பிடித்து எழுப்பி. "நாளைக்கு மண்டல்காரங்க சாவி வாங்க வராங்க. இன்னைக்கு ஒரு நாளு கீது. வந்து படு. எனக்குத்தான் இப்போ வேலை ஒண்ணும் இல்லியே."

போகக்கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அவள் பின்னால் படியிறங்கிப் போனேன். டைப்ரைட்டருக்கு உறை போட்டு வைத்திருந்தாள். என் பக்கமாக ஃபேனைத் திருப்பிவிட்டு, நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். இந்த மனசோடு தூக்கம் எங்கே வரப்போகிறது, சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடப்போம், அவளுக்காக, என்று நினைத்துக்கொண்டேன்.

படுத்ததுதான் தெரியும். தூங்கிவிட்டேன்.